கண்ணுக்குரிய கடன்

ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அண்டை வீட்டார் வந்து விசாரிக்கின்றனர். கால் முறிந்தது என்றால் உறவினர் பழங்களோடு வருகின்றனர். 'இரவில் உறக்கம் வரவில்லை' என்று ஒருவர் சொன்னாலோ, கேட்பவர் முதலில் புன்னகை புரிகிறார். பிறகு, "கண்ணை மூடிப் படுங்கள், தானே வரும்" என்கிறார். சொன்னவர் மறுமுறை வாய் திறப்பதில்லை. இவ்வாறு சொல்லப்படாமலே கழியும் துன்பம் நம் இல்லங்களில் எத்தனை என்பதை, நாமே ஈராண்டுகள் அதில் கிடந்து மீண்ட பின்னரே உணர்ந்தோம். அதனை எழுத நமக்குக் கூச்சம் உண்டு. ஆயினும் இதனைப் படிக்கும் குடும்பங்களில் ஒருவருக்கேனும் பயன்படுமாயின், கூச்சத்தை ஒதுக்கி வைப்பதே முறையாகும்.

2017ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். மேலப்பாளையத்தில் நம் இல்லத்தில் தந்தையார் இதய நோயால் படுக்கையில் இருந்தார். இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர்கள் அனுப்பிவிட்டனர். நடுவீட்டில் கட்டிலைப் போட்டு, நாமும் தாயாரும் மாறி மாறிக் கண் விழித்தோம். பதினோர் இரவுகள் அவ்வாறு சென்றன. பன்னிரண்டாம் இரவு மழை விடாது பெய்துகொண்டிருந்தது. இரண்டு மணி வரை அருகில் அமர்ந்திருந்த நாம், தாயாரை எழுப்பிவிட்டு அடுத்த அறையில் சற்றே தலை சாய்த்தோம். விழித்தபோது சுபுஹு பாங்கு ஒலித்துக்கொண்டிருந்தது. விரைந்து வந்து தந்தையாரின் கையைத் தொட்டோம். கை குளிர்ந்திருந்தது. தாயார் கட்டிலின் ஓரத்தில் தலையைச் சாய்த்தபடி உறங்கிப் போயிருந்தார்.

எவரும் நம்மைக் குறை கூறவில்லை. "உறக்கத்திலேயே அமைதியாகப் போய்விட்டார், நல்ல மௌத்து" என்றே யாவரும் ஆறுதல் சொல்லினர். அடக்கம் முடிந்தது, வந்தவர்கள் சென்றனர், கைலி வியாபாரத்தை மீண்டும் கவனிக்கத் தொடங்கினோம். நாற்பதாம் நாளுக்குப் பின் ஓரிரவு திடுமென விழிப்பு வந்தது. மணி இரண்டரை. நெஞ்சு படபடவென்று அடித்தது. வீடு முழுவதும் அமைதியாக இருந்தது. அந்த அமைதியே அச்சமாக இருந்தது. எழுந்து சென்று தாயாரின் அறை வாயிலில் நின்று, அவர் மூச்சு விடும் ஓசை கேட்கிறதா என்று செவி சாய்த்தோம். பிறகு பிள்ளைகளின் மூச்சு. பிறகு வாசற்கதவின் தாழ்ப்பாள். பிறகு எரிவாயு அடுப்பின் குமிழ். எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஆயினும் படுக்கைக்குத் திரும்பியதும், மூச்சைச் சரியாகக் கேட்டோமா என்ற ஐயம் எழுந்தது. மீண்டும் எழுந்தோம்.

மறுநாளும் அதே நேரத்தில் விழித்தோம். அதன் மறுநாள் படுக்கும்போதே, இன்றும் இரண்டரைக்கு விழித்துவிடுவோமோ என்ற எண்ணம் வந்தது. அந்த எண்ணம் வந்த பிறகு இரண்டரை வரை உறங்குவதும் இல்லையென்றாயிற்று. பகலெல்லாம் கண் எரியும். இரவானதும் அதே கண் அகல விழித்துக்கொள்ளும். கடிகாரத்தைப் பார்த்து, இப்போது உறங்கினால் நான்கு மணி நேரம் கிடைக்கும், இப்போது உறங்கினால் மூன்று மணி நேரம் கிடைக்கும் என்று கணக்கிட்டுக் கிடந்தோம். வாழ்நாளில் நாம் போட்ட கணக்குகளில் இவ்வளவு பயனற்ற கணக்கு வேறில்லை.

இழந்த உறக்கத்தை ஈடு செய்ய வேண்டுமென்று, இஷா முடிந்து ஒன்பது மணிக்கே படுக்கத் தொடங்கினோம். பகலில் கடையின் பின்கட்டில் ஒரு மணி, இரண்டு மணி நேரம் சாய்ந்தோம். தளர்ச்சி நீங்க நான்கு, ஐந்து முறை தேநீர் அருந்தினோம். இவையெல்லாம் அறிவுடைய செயல்களாகவே அன்று தோன்றின. தெரிந்தவர் ஒருவர் மருந்துக் கடையிலிருந்து மாத்திரை வாங்கித் தந்தார். முதல் வாரம் அது வரம்போல் இருந்தது. மூன்றாம் மாதம் ஒன்று போதாமல் இரண்டானது. ஒரு நாள் கையிருப்புத் தீர்ந்துபோக, அன்றிரவு பட்ட பாடு முன்னைய இரவுகள் அனைத்தையும் விடக் கொடிதாக இருந்தது. வெளியூருக்கு அனுப்ப வேண்டிய சரக்கை முகவரி மாற்றி அனுப்பினோம். எட்டு வயது மகள் ஓடி வந்து மடியில் ஏறியபோது, காரணமின்றி அதட்டினோம். அவள் அதன்பின் சில நாட்கள் நம் அருகே வரத் தயங்கினாள். நட்டத்தை மறந்துவிட்டோம்; அந்தத் தயக்கத்தை மறக்க முடியவில்லை.

இவ்வளவும் வீட்டில் எவருக்கும் தெரியாது என்றே எண்ணியிருந்தோம்.

2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஓரிரவு, வழக்கம்போல் தாயாரின் அறை வாயிலுக்குச் சென்றோம். படுக்கை வெறுமையாக இருந்தது. பதறிப்போய்ப் பார்த்தால், முற்றத்தில் நாற்காலியிட்டுத் தஸ்பீஹ் மணியைக் கையில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். தஹஜ்ஜுத் தொழுகைக்காக எழுந்திருக்கிறார் என்று எண்ணித் திரும்ப முற்பட்டோம். அவர் தலையைத் திருப்பாமலே, "வா வாப்பா, வந்து உக்காரு. இன்னைக்கும் ஒறக்கம் வரலியா?" என்றார்.

அவர் நம் காலடியோசையை ஓராண்டுக்கு மேலாகக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். நாம் வாயிலில் நிற்கும் வேளைகளில், நமக்குக் கவலை வேண்டாம் என்று மூச்சைச் சீராக விட்டு, உறங்குவதுபோல் கிடந்திருக்கிறார். அவருக்கும் அந்த நாள் முதல் நல்ல உறக்கம் இல்லை. ஒரே கூரையின் கீழ் இருவர், ஒருவருக்கொருவர் தெரியாமல் காவல் காத்துக்கொண்டிருந்தோம்.

அன்று தான் நாம் முதன்முறையாக அதனைச் சொன்னோம்: வாப்பா தனியே போகும்படி விட்டுவிட்டு உறங்கிவிட்டேனே என்று. தாயார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நீ அடுத்த ரூம்ல ஒறங்குன. நான் அவங்க பக்கத்துலயே இருந்துக்கிட்டு ஒறங்கிட்டேன். என்னைய என்ன சொல்லுவ?" என்றார். அதற்கு நம்மிடம் விடையில்லை. நம் உறக்கத்தையே குற்றமாக எண்ணி எண்ணி மறுகிய நமக்கு, அவருடைய உறக்கத்தைப் பற்றி ஒரு நாளேனும் எண்ணத் தோன்றவில்லை. அவரோ மேலும் சொன்னார்: "மூணு மணி இருக்கும். வெளக்க அமத்திட்டு நீயும் செத்த படுன்னு அவங்கதான் சொன்னாங்க. அதச் சொன்னா சாக்குச் சொல்ற மாதிரி இருக்கும்னு யாருகிட்டயும் சொல்லல."

அன்று விடியும் வரை முற்றத்திலேயே இருந்தோம். மனத்தில் இருந்த பாரம் பாதிக்கு மேல் இறங்கியது உண்மை. கதையாக இருந்தால் அன்றிரவு முதல் உறக்கம் திரும்பியது என்று இவ்விடத்தில் முடித்துவிடலாம். ஆனால் அவ்வாறு நிகழவில்லை. மறுநாள் இரண்டரை மணிக்கு அதே விழிப்பு வந்தது. துயரம் தணிந்த பிறகும் நோய் தணியவில்லையே என்று திகைத்தோம். அத்திகைப்பே நம்மைப் பாளையங்கோட்டையில் ஒரு மனநல மருத்துவரிடம் கொண்டு சென்றது. அந்தப் படியேறத் தயங்கி இரு முறை திரும்பினோம். மூன்றாம் முறை தாயாரே உடன் வந்தார்.

அம்மருத்துவர் கூறியவற்றை இங்கே சுருக்கித் தருகிறோம். உறக்கமின்மைக்கு மூன்று காரணங்களை ஆர்தர் ஸ்பீல்மன் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர் 1987ஆம் ஆண்டில் பிரித்துக் காட்டினார். ஒன்று, எளிதில் கவலை கொள்ளும் சுபாவம் போல நம்மிடம் முன்பே இருப்பது. இரண்டு, இறப்பு, இழப்பு, நோய் எனத் துன்பத்தைத் தொடங்கி வைப்பது. மூன்று, அதனைப் போக்க நாம் செய்யும் செயல்களே அதனை நீடிக்கச் செய்வது. துவக்கி வைத்த காரணம் மறைந்த பிறகும் மூன்றாவது காரணம் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். ஒன்பது மணிக்கே படுத்தது, பகலில் சாய்ந்தது, உறக்கமின்றிப் படுக்கையிலேயே புரண்டது, கடிகாரம் பார்த்தது ஆகிய அனைத்தும் அந்த மூன்றாவது வகை. வாரத்தில் மூன்று இரவுகளுக்குக் குறையாமல், மூன்று மாதங்களுக்குக் குறையாமல் உறக்கம் கெட்டு, அதனால் பகல் வாழ்வும் கெடுமாயின் அது நாட்பட்ட உறக்கமின்மை என மருத்துவர்கள் கொள்கின்றனர்.

உறக்கம் வருவதற்கு உடலில் இரண்டு ஏற்பாடுகள் உள்ளன. 1982ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் போர்பேலி என்பவர் இவ்விளக்கத்தை வகுத்தார். விழித்திருக்கும் நேரம் கூடக் கூட உறக்கத்தின் தேவை பசிபோல் வளர்கிறது, இது ஒன்று. இரவு பகலை ஒட்டி உடலுக்குள் ஓடும் கடிகாரம் மற்றொன்று. பகலில் நெடுநேரம் சாய்பவர் விருந்துக்கு முன் பலகாரம் தின்பவரை ஒத்தவர். இரவில் பசி இராது. விழித்திருக்கையில் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்து உறக்கத்தை அழைக்கிறது. தேநீரிலும் காப்பியிலும் உள்ள காஃபின் அதன் வேலையைத் தடுத்து நிற்கிறது. குடித்த அளவில் பாதி கழியவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகிறது. மாலை ஆறு மணித் தேநீர் பதினொரு மணிக்கும் நம்முள் இருக்கிறது என்பது இதன் பொருள்.

எல்லாவற்றிலும் நம் மனத்தில் பதிந்தது வேறொரு விளக்கம். இரவில் இடையிடையே சிறிது விழிப்பது எல்லோருக்கும் இயல்பு. உறக்கம் ஏறத்தாழ 90 நிமிடச் சுற்றுகளாக வருகிறது. சுற்றுகளுக்கிடையே சற்று விழித்து, அதனை மறந்து மீண்டும் உறங்கிவிடுகிறோம். அச்சமுள்ளவர் அந்தச் சிறு விழிப்பில் காவலுக்கு எழுந்துவிடுகிறார். "உங்கள் மனம் ஒரு காவல்காரனை நிறுத்தியிருக்கிறது. உறங்கினால் தவறு நடக்கும் என்று அவனுக்குச் சொல்லி வைத்திருக்கிறீர்கள். அவன் எப்படி உறங்க விடுவான்?" என்று மருத்துவர் கேட்டபோது, தாயார் நம் கையைப் பற்றினார்.

மருத்துவ முறை வியப்பாக இருந்தது. இரண்டு வாரம் குறிப்பேட்டில் எழுதச் சொன்னார். ஒன்பது மணி நேரம் படுக்கையில் கிடந்து, ஏறத்தாழ ஐந்தரை மணி நேரமே உறங்குகிறோம் என்று குறிப்பேடு காட்டியது. "அப்படியானால் ஆறு மணி நேரம் மட்டும் படுங்கள்" என்றார். இரவு 11 மணிக்கு முன் படுக்கக்கூடாது. எப்படி உறங்கினாலும் காலை 5 மணிக்குச் சுபுஹுக்கு எழுந்துவிட வேண்டும். படுத்துக் கால் மணி நேரம் போலத் தோன்றியும் உறக்கம் வராவிட்டால், படுக்கையை விட்டு எழுந்து வேறிடத்தில் அமர வேண்டும். கண் சொக்கிய பிறகே திரும்ப வேண்டும். படுக்கையில் விழித்துக் கிடந்து பழகினால், படுக்கையைக் கண்டதும் விழிப்பு வரும் என்பது இதன் அடிப்படை. ரிச்சர்ட் பூட்ஸின் என்பவர் 1972ஆம் ஆண்டில் இவ்வழியைக் கூறினார். கடிகாரத்தை அறையிலிருந்து எடுத்துவிடச் சொன்னார். கவலைகளை எண்ண அஸருக்குப் பின் அரை மணி நேரம் ஒதுக்கி, தாளில் எழுதி மடித்து வைக்கச் சொன்னார். மாத்திரையைத் திடீரென நிறுத்தாமல், அவர் கண்காணிப்பில் பல வாரங்களில் சிறிது சிறிதாகக் குறைத்தார். இவையெல்லாம் சேர்ந்த முறையையே நாட்பட்ட உறக்கமின்மைக்கு முதல் மருத்துவமாக மேற்கொள்ள வேண்டுமென்று, அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் என்னும் மருத்துவர் அமைப்பு 2016ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. மாத்திரை அதற்கு அடுத்தபடியே.

முதல் பத்து நாட்கள் கடினமாக இருந்தன. பகலில் கண் இழுத்தது. அந்நாட்களில் மோட்டார் சைக்கிளைத் தொடக்கூடாதென்று மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார். இரவில் விழிப்பு வந்தபோது எழுந்து முற்றத்திற்குச் சென்றோம். பெரும்பாலும் தாயார் அங்கே இருப்பார். மங்கிய விளக்கொளியில் அவர் பழைய செய்திகளைச் சொல்வார்: தந்தையார் தறியில் அமர்ந்த காலம், முதல் கைலி மூட்டையைத் தலையில் சுமந்து சென்றது, திருமணத்தன்று மழையில் பந்தல் சரிந்தது. நாம் அஞ்சி ஒளித்து வைத்திருந்த அந்த மனிதர், அவ்விரவுகளில் சிரிப்போடு திரும்பி வந்தார். கண் சொக்கியதும் எழுந்து செல்வோம். நான்காம் வாரத்தில் ஒரு நாள் காலை, இடையில் விழித்த நினைவே இல்லாமல் எழுந்தோம். அதன்பின் படுக்கும் நேரத்தைக் கால் மணி, கால் மணியாக முன்னே தள்ளி, இரவு 10 மணிக்குக் கொண்டு வந்தோம்.

தாயாருக்கு மருத்துவர் வேறு விதமாகச் சொன்னார். முதுமையில் ஆழ்ந்த உறக்கம் குறைவதும், அதிகாலையில் விழிப்பதும் இயல்பு. அதனை நோயென்று அஞ்ச வேண்டியதில்லை. உறக்க மாத்திரை முதியோரைத் தள்ளாடச் செய்து வீழ்த்தக்கூடும் என்பதால் அதனைத் தவிர்த்தார். "அப்ப எனக்கு ஒறக்கம் கொறஞ்சது அவங்க போனதால மட்டும் இல்ல" என்று தாயார் மெல்லச் சொன்னார். அவருக்கு அதுவே மருந்தாயிற்று.

உறக்கத்தை விடுத்து விழித்திருப்பதே உயர்வு என்றொரு எண்ணம் நம்மவரிடையே உண்டு. இரவு வணக்கத்தின் சிறப்பை நாம் நன்கறிவோம். ஆயினும், பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் வணக்கமுமாய் இருந்த அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அழைத்து, வணங்குவதோடு உறங்கவும் வேண்டும் என்று அறிவுறுத்திய செய்தி புகாரியில் உள்ளது. உடலுக்கும் கண்ணுக்கும் மனிதன் செலுத்த வேண்டிய உரிமை உண்டென்பதை அண்ணலார் அவருக்கு உணர்த்தினார்கள். பள்ளிவாசலில் பலமுறை கேட்ட இச்செய்தியை நாம் வணக்கத்தோடு மட்டுமே பொருத்திப் பார்த்திருந்தோம். துயரத்தால் விழித்திருப்பவனுக்கும், குற்றவுணர்ச்சியால் விழித்திருப்பவனுக்கும் அது பொருந்தும் என்பது பின்னரே விளங்கியது. இப்னு சீனாவும் தமது மருத்துவப் பெருநூலான அல்கானூனில், காற்று, உணவு, உழைப்பு ஆகியவற்றோடு உறக்கத்தையும் விழிப்பையும் மனிதனுக்கு இன்றியமையாதவற்றுள் சேர்த்தே பேசுகிறார். உறக்கம் சோம்பலின் பங்கன்று. கண்ணுக்கு நாம் பட்ட கடன்.

நம் இல்லங்களை இக்கண்ணோடு சற்றே பார்ப்போம். பீடித் தட்டை மடியில் வைத்து நள்ளிரவு வரை அமர்ந்திருக்கும் பெண், எண்ணிக்கை குறைந்ததே என்ற கவலையோடு படுக்கிறாள். துபாயில் இருக்கும் மகன் வேலை முடிந்து 11 மணிக்கு அழைக்கும்போது இங்கே மணி பன்னிரண்டரை. அழைப்பு வந்தால் பேச்சில் உறக்கம் போகிறது, வராவிட்டால் அச்சத்தில் போகிறது. இத்தகைய தாய்மார்க்குச் சொல்ல வேண்டியது, 'கவலைப்படாதே' என்னும் வெறுஞ்சொல்லன்று. அழைப்புக்கு ஒரு நேரம் குறித்துக்கொள்ளுமாறு மகனிடம் சொல்லலாம். 'நேற்று எப்படி உறங்கினாய்?' என்று காலையில் ஒரு சொல் கேட்கலாம். கேட்டபின் விடைக்குக் காத்திருக்கலாம்.

எல்லா உறக்கமின்மையும் ஒன்றன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். உரத்த குறட்டையும், இடையில் மூச்சு நின்று திணறுவதும், பகலில் அடங்காத தூக்கமும் இருப்பின் அது மூச்சுத் தடை நோயாக இருக்கலாம். எதிலும் நாட்டமின்மை, வாழ்வே வேண்டாம் என்னும் எண்ணம் ஆகியவை சேர்ந்திருப்பின் ஒரு நாளும் காலம் தாழ்த்தலாகாது. வலிப்பு நோயோ, மனநிலை அளவு மீறி ஏறியிறங்கும் நோயோ உள்ளவர்கள், படுக்கும் நேரத்தைக் குறைக்கும் முறையை மருத்துவரின்றித் தாமே மேற்கொள்ளக்கூடாது. மாத்திரை உட்கொள்பவர்கள் இதனைப் படித்துவிட்டுத் தாமே நிறுத்திவிடவும் கூடாது.

இன்றும் ஆண்டில் சில இரவுகள் நமக்கு இரண்டரை மணி விழிப்பு வருவதுண்டு. ஐப்பசி மழை கொட்டும் இரவுகளில் பெரும்பாலும் வரும். இப்போது நாம் மூச்சோசை கேட்கச் செல்வதில்லை. முற்றத்தில் சென்று அமர்கிறோம். தாயார் இருந்தால் பேசுகிறோம். இல்லையேல், அவர் உறங்குகிறார் என்று மகிழ்கிறோம். தந்தையார் இறுதியாகச் சொன்ன சொல் விளக்கை அணைத்துவிட்டுப் படு என்பதே. அதனைத் தாயாருக்கு மட்டும் சொன்னதாக இப்போது நாம் கருதுவதில்லை. கண் சொக்குகிறது, எழுகிறோம், விளக்கை அணைக்கிறோம். காக்கும் பொறுப்பு நம்முடையதன்று. அது எவனுடையதோ, அவனுக்கு உறக்கமில்லை.